ஊரைச் சொல்லாத திருடன்

லாரி மேடையில் ஏறி நின்றதும் டிரைவர் வழக்கப்படி கதவைத் திறக்கிறார். எதிரே அறையின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீள்கிறது.

"சித்த இருங்க. எறங்கீராதீங்க."

அன்னூர்ப் பக்கம் வேறு எடைமேடைகளும் இருக்கின்றன. அங்கெல்லாம் வண்டியை நிறுத்தி, ஆள் இறங்கி, சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாம். மாசாணம் உட்கார்ந்திருக்கும் மேடையில் அது நடக்காது. டிரைவர் இருக்கையில் இருந்தபடியே முதலில் ஒரு ஜோக் கேட்டாக வேண்டும்.

"தொண்டரு சொல்றாருங்க: 'தலைவருங்க, நம்ம கூட்டத்துக்கு லாரி லாரியா ஆளு வந்துதுன்னு சொன்னமில்லீங்க, மாட்டிக்கிட்டமுங்க.' தலைவரு, 'ஏனுங்க?'ங்கறாரு. 'எடை மேடையில அத்தன லாரிக்கும் காலி வண்டின்னு சீட்டுக் குடுத்துப்போட்டாங்களாமுங்க!'"

சொல்லி முடித்ததும் மாசாணம் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. மேசைமேல் இருக்கும் பெட்டியில் ஒளிரும் சிவப்பு எண்ணைப் பார்க்கிறார். டிரைவர் வயிறு குலுங்கிச் சிரித்தால் அந்த எண் ஒரு தடவை தாவிவிட்டுப் பழைய இடத்துக்கு வரும் என்பது அவருடைய கட்சி. தாவினால் ஜோக் தேறியது. தாவாவிட்டால் "சரி, எறங்கிக்குங்க" என்று சொல்லும் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கிவிடும்.

இது நடக்கக்கூடியதுதானா என்று மேடையைச் சரிபார்க்க வரும் மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டேன். காற்று பலமாக அடித்தால்கூட எண் ஆடும் என்றார் அவர். அதை மாசாணத்திடம் சொன்னேன். "காத்துக்கே ஆடுதுன்னா சிரிப்புக்கு ஆடாதுங்களா தம்பி?" என்றார். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் மட்டை ஏற்றி வரும் முஸ்தபாதான் அவருக்குப் பெரிய சோதனை. முஸ்தபா லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. மேடையில் ஏறும்போதே இஞ்சினை நிறுத்திவிட்டு, "மாசாணண்ணா, மார்க்கெட்டுக்குப் போகோணும். வெசயாச் சிரிக்க வைங்க" என்பார். ஜோக் முடிந்ததும் தாடியைத் தடவியபடி, "ம். பரவால்ல" என்பார். எண் அசையாது. அன்று மத்தியானம் மாசாணம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிடுவார். "பாய் சிரிச்சாருன்னு வைங்க, அது தீவாளி மலருக்குப் போற சரக்குங்க" என்பார்.

நான் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனியின் லாரிகள் இந்த மேடையில்தான் எடை போடும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு மாசாணத்தைத் தெரியும். நான் பி.காம்.; எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதை நான் மறந்தாலும் மாசாணம் மறக்க விடமாட்டார். அறையில் யார் இருந்தாலும், "தம்பி டிகிரிங்க. க், ச், த், ப் எல்லாம் அவரு பாத்துக்குவாரு" என்றுதான் அறிமுகம் செய்வார். அவர் எழுதியதில் ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று பார்த்துத் தருவது என் வேலை. சிரிப்பு எங்கே வரும் என்று பார்ப்பது அவர் வேலை.

போனை எடுத்தால் "அன்னூர் மாசாணம் பேசறனுங்க" என்பார். அன்னூருக்குள்ளேயே, நாலு கடை தள்ளியிருந்து யாராவது கூப்பிட்டாலும் அப்படித்தான். இது பத்திரிகைகள் கொடுத்த பழக்கம். வார இதழ்களில் ஜோக்குக்குப் போட்டி நடந்த காலத்தில் எழுதி அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டது. ஒரு கார்டுக்கு ஒரு ஜோக்; பிரசுரமாகாதவற்றைத் திருப்பி அனுப்ப இயலாது; கடைசியில் 'இது என் சொந்தக் கற்பனையே' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூன்று விதிகளையும் மாசாணம் வேறு எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்.

அந்த உறுதிமொழி நாளடைவில் அவர் நாக்கில் சத்தியமாகவே படிந்துவிட்டது. மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்கிற இடத்தில் இவர் அதைச் சொல்வார். ஒருமுறை பருத்தி வியாபாரி ஒருவர் எடைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்த எடை சரிதானுங்களா?" என்று கேட்டார். மாசாணம் நெஞ்சில் கையை வைத்து, "சத்தியமா என்ற சொந்தக் கற்பனைங்க" என்றார். வியாபாரி அன்றிலிருந்து அவிநாசி ரோட்டு மேடைக்குப் போகிறார்.

அவர் நேரில் பார்த்திராத ஆட்களைப் பற்றித்தான் அதிகமாக எழுதியிருக்கிறார். போர்க்களத்திலிருந்து ஓடிவரும் மன்னர்கள், பேஷண்ட்டை மேலே அனுப்பிவைக்கும் டாக்டர்கள், ஜெயிலில் களி தின்னும் தலைவர்கள். டாக்டர் ஜோக்குகள் எழுதி எழுதி, நிஜமான டாக்டரைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். காய்ச்சலோடு போனவர் "நாக்க நீட்டுங்க" என்ற வார்த்தையைக் கேட்டதும் குலுங்கிச் சிரிக்க, அந்த டாக்டர் அவரை விட்டுவிட்டுக் கூட வந்த மனைவியிடம், "எத்தன நாளா இப்பிடி இருக்காரு?" என்று கேட்டாராம். "கல்யாணம் ஆன நாள்லிருந்துங்க" என்றாராம் சின்னாத்தாள்.

மாசாணத்தின் ஜோக்குகளுக்கென்று ஒரு தனி மணம் உண்டு. அவற்றில் எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். மந்திரி, "மன்னருங்க, எதிரி வந்துட்டாருங்க" என்பார். மன்னர், "அப்புடீங்களா, அவரு சாப்புட்டாருங்களா?" என்பார். பேய் வந்து "பயந்துக்காதீங்க, நான் பேயிங்க" என்று சொல்லும். நம் ஊரில் வளர்ந்த மனிதருக்கு ஒரு பேயை 'ங்க' இல்லாமல் பேசவைக்கத் தெரியவில்லை. ஆனால் அச்சில் வரும்போது சென்னையில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர்கள் அத்தனை 'ங்க'வையும் வெட்டிவிடுவார்கள். மந்திரி "மன்னா!" என்று கத்துவார்.

"நாம முடி வளத்து, எண்ண வெச்சுச் சீவி அனுப்பறமுங்க. அவிய மொட்டையடிச்சு அனுப்பறாங்க. பழனிக்குப் போய்ட்டு வந்த கொழந்தையாட்ட இருக்குது, பெத்தவனுக்கே அடையாளம் தெரியறதில்லீங்க" என்பார்.

மொட்டையடிக்கப்படாமல் வந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய மகள் இளவேனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது 'தேன்குவளை' வார இதழில் முதல் பரிசு பெற்ற திருடன் ஜோக்.

திருடன்: சத்தம் போட்டீங்கன்னா குத்திப்போடுவனுங்க. பீரோ சாவி எங்கீங்க?
வீட்டுக்காரர்: இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாயே, நீ எந்த ஊர்?
திருடன்: ஊரச் சொன்னாக் கண்டுபுடிச்சுருவீங்க. சொல்ல மாட்டனுங்க!

பரிசாக எவர்சில்வர் தூக்குப்போசி வந்தது. இன்றைக்கும் மேடைக்கு அதில்தான் சோறு கொண்டுவருகிறார். மூடி வேறு, போசி வேறாக ஆகிவிட்டது, ஆனாலும் மாற்றவில்லை. "ஒரு தூக்குப்போசிக்கு எத்தன வருசமுங்க பேசுவீங்க?" என்பது சின்னாத்தாளின் கேள்வி. கணவரின் ஜோக்குகளுக்கு அவர் சிரிப்பதில்லை. "சிரிக்கோணும்னா மொதல்லயே சொல்லிப்போடுங்க. இல்லீன்னா எனக்குத் தெரியறதில்ல" என்று முகத்தைத் திருப்பாமல் சொல்வார். எனக்கென்னவோ அந்த வீட்டில் நல்ல ஜோக் சொல்கிறவர் அவர்தான் என்று தோன்றும். இதை மாசாணத்திடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

பிறகு பத்திரிகைகள் மெலிந்தன. 'தேன்குவளை' அச்சடிப்பதை நிறுத்திவிட்டுப் போனுக்குள் போய்விட்டது. போட்டிகளும் நின்றன. ஜோக்குகள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் திருடன் வந்து நின்றான். மேலே 'படித்ததில் பிடித்தது'. கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். என் போனை வாங்கிப் படித்த மாசாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து மகன் திரும்பி வந்தது போலச் சந்தோஷம்.

"முடி அப்படியே இருக்குது பாருங்க தம்பி! ஒரு 'ங்க' கூடக் கொறையில!"

பிறகு விரலால் கீழே தள்ளினார். இன்னும் கீழே தள்ளினார். மேலே கொண்டுபோனார். மறுபடியும் கீழே வந்தார். பெயர் எங்கேயும் இல்லை. "சரி விடுங்க. நல்லா இருக்கறானில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் திருடன் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சம்பந்தியாகவே வீட்டுக்கு வந்துவிட்டான்.

இளவேனிலுக்குச் சென்னிமலையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா நஞ்சுண்டன் போர்வை வியாபாரி. திருவிழா எங்கே நடந்தாலும் போர்வைக் கட்டோடு போய் இறங்கி, மைக் பிடித்து விற்கிறவர். குரலும் உடம்பும் பெரியவை. பேச்சு முடிக்க இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி குடித்தாயிற்று, வெயிலைப் பற்றிப் பேசியாயிற்று, அடுத்து என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது நஞ்சுண்டன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு திருடன் ஒரு ஊட்டுக்குள்ள பூந்தானுங்க" என்று ஆரம்பித்தார்.

சபை சிரித்து உருண்டது. பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்திக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பிலேயே நாள் குறித்துத் தட்டும் மாற்றிவிட்டார்கள்.

"நம்ம சொந்தச் சரக்குங்க. போன தீவாளிக்கு எண்ண தேச்சுக்கும்போது தோணுச்சு" என்றார் நஞ்சுண்டன்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாசாணம். சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று என்னிடமே கேட்டார். பெண் கொடுக்கப் போன இடத்தில், ஒத்துக்கொண்ட வாயை மூடுவதற்கு முன்னால், "அது என்றதுங்க" என்று சொல்ல முடியுமா?

அன்று சொல்லாததை அப்புறம் எப்போதும் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தில், சீமந்தத்தில், பேத்தி யுவஸ்ரீக்குப் பெயர் வைத்த அன்று, நஞ்சுண்டன் அந்த ஜோக்கைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மாசாணம் முதல் ஆளாகச் சிரித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் சின்னாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஆரம்பிப்பார்.

"தூக்குப்போசி வாங்கிக் குடுத்த ஜோக்கு என்றதுன்னு சொல்ல வாய் வரலீங்களா?"

"பொண்ணக் குடுத்த எடம் அம்மணி. ஒரு ஜோக்குக்காவ சம்பந்தியப் பகைச்சுக்க முடியுமா?"

"பகைக்கச் சொன்னாங்களா? சிரிக்காதீங்கன்னேன். உங்க ஜோக்குக்கு நீங்களே ஓசியில சிரிச்சுக் குடுக்கறீங்களே, அதச் சொன்னேன்."

போன வருஷம் 'தேன்குவளை' ஒரு பேக்கரியோடு சேர்ந்து கோயமுத்தூரில் வாசகர் நகைச்சுவைப் போட்டி அறிவித்தது. பழைய காலத்துப் போட்டிதான். கார்டில் எழுதாமல் மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும். முதல் பரிசு கிரைண்டர். என் போனில்தான் மாசாணத்தின் பெயரைப் பதிந்தேன். பெயர் என்ற கட்டத்தில் மாசாணம் என்று அடித்ததும் தோளைத் தொட்டு, "தம்பி, அன்னூர் உட்டுப்போச்சுங்க" என்றார். புதிதாக ஒரு யானை ஜோக் தயார் செய்தார். தினமும் லாரிகளில் சோதித்தார். கடைசியில் முஸ்தபா, "ம்" என்பதற்குப் பதிலாக "ஹும்" என்றார். எண் தாவியதாக மாசாணம் சொன்னார். நான் பார்க்கவில்லை.

காந்திபுரத்து ஹாலுக்கு மாசாணத்தோடும் சின்னாத்தாளோடும் நானும் போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முன் வரிசையில் பட்டுச் சட்டை போட்ட ஒரு பெரிய முதுகு திரும்பியது.

"அட, சம்பந்தி! நீங்களுங்களா? நானும் பேரு குடுத்திருக்கறனுங்க. நம்ம திருடனத்தான் எறக்கப் போறேன்!" என்றார் நஞ்சுண்டன்.

மாசாணம் எழுந்து நின்று கும்பிட்டு, "ரொம்பச் சந்தோசமுங்க" என்றார்.

நிகழ்ச்சி நடத்திய லாஸ்யா என்ற பெண் விதியைச் சொன்னார். ஒவ்வொருவரும் ஜோக் சொல்வதற்கு முன்னால் 'இது என் சொந்தக் கற்பனையே' என்று மைக்கில் உறுதிமொழி கூற வேண்டும். சின்னாத்தாள் மாசாணத்தை முழங்கையால் இடித்தார்.

"இன்னிக்கு எந்திரிச்சுச் சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமா?"

"இரு அம்மணி."

"எத்தன வருசம் இருக்கறது?"

நஞ்சுண்டன் மேடை ஏறினார். மைக் அவருக்குப் புதிதல்ல. "இது என் சொந்தக் கற்பனையே" என்று ஹால் அதிரச் சொன்னார். மாசாணம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

போர்வை விற்கும் மேடைகளில் நஞ்சுண்டன் நம் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவார். இங்கே பத்திரிகைக்காரர்கள், சென்னையிலிருந்து வந்த ஆசிரியர், வீடியோ கேமரா எல்லாம் இருந்தன. அதற்குத் தகுந்த தமிழ் வேண்டும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. குரலைச் செருமிக்கொண்டு, "ஒரு திருடன் ஓர் இல்லத்தினுள் நுழைந்தான். சத்தம் போட்டால் குத்திவிடுவேன், சாவி எங்கே என்றான்" என்று தொடங்கினார். மாசாணம் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன: குத்திப்போடுவனுங்க. எங்கீங்க.

"நீ எந்த ஊர் என்று கேட்டார் வீட்டின் உரிமையாளர். அதற்குத் திருடன், ஊரைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள், சொல்ல மாட்டேன் என்றான்!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

நஞ்சுண்டன் காத்திருந்தார். வழக்கமாக முதலில் சிரிக்கும் சத்தம் எங்கே என்று தேடுவது போலக் கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். "அவ்வளவுதானுங்களா சார்?" என்று லாஸ்யா மெதுவாகக் கேட்டார். நஞ்சுண்டனின் கை தோளுக்குப் போய் இல்லாத துண்டைத் தேடியது. அவ்வளவு பெரிய உடம்பு மைக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாமல் நின்றது.

சும்மா இருந்திருந்தால் போதும். சம்பந்தி இறங்கி வந்திருப்பார். அந்த ஜோக்கை இனி எந்தப் பந்தியிலும் எடுத்திருக்க மாட்டார். அதைத்தான் சின்னாத்தாளும் நினைத்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் மாசாணத்தால் மேடையில் ஒரு லோடு வண்டியைக் காலி வண்டி என்று அனுப்ப முடியாது. மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"சொல்ல மாட்டனுங்க!"

ஒரு நொடி ஆயிற்று. பிறகு ஹால் வெடித்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் வாயிலேயே திருடன் பிடிபட்டது போல ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். "ஊரு தெரிஞ்சுபோச்சு, ஊரு தெரிஞ்சுபோச்சு!" என்று யாரோ கத்தினார்கள். சென்னை ஆசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமதமாக, ஆனால் நிறையச் சிரித்தார். அந்த ஒரு 'ங்க'வுக்கு நஞ்சுண்டனுக்குக் கைதட்டல் ஓயவில்லை. முடிவில் கிரைண்டரும் அவருக்கே போயிற்று.

மாசாணத்தின் முறை கடைசியில் வந்தது. "தோட்டத்துல யானை பூந்துருச்சுன்னு பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணுனனுங்க. ஒரு பொம்பளக் குரலு, 'லைன்லயே இருங்க'ன்னுச்சுங்க. நான் இருந்தனுங்க. யானை இருக்கலீங்க." கூட்டம் நன்றாகவே சிரித்தது. ஆறுதல் பரிசாக ஒரு கேக் கொடுத்தார்கள். அதில் பெயரைத் தப்பில்லாமல் 'அன்னூர் மாசாணம்' என்று எழுதியிருந்தார்கள். அதை யாரையும் வெட்ட விடாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தார்.

அதற்கு முன்னால் ஹாலுக்கு எதிரே பேக்கரியில் நின்று டீ குடித்தோம். நஞ்சுண்டனுக்கு இன்னும் வியர்வை அடங்கவில்லை. கிரைண்டர் பெட்டி காலடியில் இருந்தது.

"சம்பந்தி, சரியான நேரத்துல எடுத்துக் குடுத்தீங்க. இல்லீன்னா மானம் போயிருக்கும். ஆனா சிரிப்பு அந்த எடத்துலதான் இருக்குதுன்னு உங்களுக்கு எப்புடீங்க தெரிஞ்சுது?"

மாசாணம் டீயை ஊதினார். "தெனமும் எடை போடறமில்லீங்க" என்றார்.

நஞ்சுண்டன் சிரித்தார். அப்போது சின்னாத்தாள் தேங்காய் பன்னைப் பிய்த்தபடி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

"ஏனுங்ணா, அந்தத் திருடன் எந்த ஊருங்ணா?"

"அதச் சொல்லிப்போட்டா என்னத்துக்கம்மணி ஜோக்கு?"

"அன்னூருங்ணா" என்றார் சின்னாத்தாள். பன்னை வாயில் போட்டுக்கொண்டு, "டீக்குச் சக்கர பத்துல" என்று கடைக்காரரிடம் திரும்பிவிட்டார்.

நஞ்சுண்டனின் டம்ளர் உதட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அவர் மாசாணத்தைப் பார்த்தார். மாசாணம் காந்திபுரம் பஸ்களில் ஒவ்வொன்றாக ஊர்ப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் பெட்டியைச் சென்னிமலை பஸ்ஸில் ஏற்றும்போது, "இது இளவேனிலுக்குங்க. நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான புள்ள" என்றார் நஞ்சுண்டன். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

சென்ற மாதம் சென்னிமலையில் யுவஸ்ரீக்குக் காது குத்தினார்கள். குழந்தை அழுது ஓய்ந்தது, பந்தியும் முடிந்தது. வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள், "ஏனுங்க, கிரைண்டர் வாங்குன ஜோக்கச் சொல்லுங்க!" என்று நஞ்சுண்டனைப் பிடித்துக்கொண்டார்கள். மாசாணம் ஒரு மூலையில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

நஞ்சுண்டன் துண்டை உதறினார். இந்தத் தடவை 'இல்லத்தினுள்' எல்லாம் இல்லை. திருடன் நம் ஊர்ப் பேச்சிலேயே உள்ளே நுழைந்தான், குத்திப்போடுவனுங்க என்றான், சாவி எங்கீங்க என்றான். வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். "ஊரச் சொன்னாக் கண்டுபுடிச்சுருவீங்க..." என்று சொல்லி நஞ்சுண்டன் நிறுத்தினார். கூட்டம் வாயைத் திறந்தபடி காத்திருந்தது. அவர் அந்தப் பெரிய உடம்பைச் சற்றே வளைத்து, பந்தியில் முதல் இலைக்கு ஆளைக் கூப்பிடுவது போல, வலது கையை மூலையில் இருந்த மாசாணத்தின் பக்கம் நீட்டினார்.